இரவல் மெட்டு, சொந்த வரி: கல்லூரிப் பாட்டுகள் வந்த வழி

ஜெர்மன் மாணவர் சங்கங்களில் பாடப்படும் பாட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. 1858இல் லார் என்ற ஊரில் முதன்முதலில் அச்சாகி, இதுவரை 160க்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. தடித்த அட்டை. அந்த அட்டையின் மூலைகளில் குமிழ்த்தலை கொண்ட உலோக ஆணிகள் அடித்திருப்பார்கள். புத்தகத்தை மேசையில் வைத்தால் ஆணிகள் கால்போல நின்று அதைச் சற்றே தூக்கிப் பிடிக்கும். மேசையில் பீர் கொட்டிக் கிடந்தாலும் அட்டை நனையாது. அந்த ஆணிக்கு அவர்கள் வைத்த பெயரே 'பீர் ஆணி'தான்.

நூலகத்தில் வைத்துப் படிக்கிற புத்தகத்துக்கு ஆணி தேவையில்லை. ஈரமான மேசையைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்து, கைமாற்றிக் கைமாற்றிப் பாடிய புத்தகத்துக்குத்தான் அது தேவைப்பட்டது. அப்படி அடித்துக் காப்பாற்றும் அளவுக்கு அதில் என்ன இருந்தது என்று பார்க்கப் போனால், கல்லூரி என்ற இடத்தின் ஒரு விசித்திரம் கண்ணில் படும்.

ஊரில் ஒரு பாட்டு தலைமுறை தலைமுறையாக நிற்கிறதென்றால், பாட்டி பாடி பேத்தி கேட்கிறாள். இடையில் ஐம்பது வருடம் இருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்க நேரம் இருக்கிறது. கல்லூரியில் அப்படி யாரும் இல்லை. மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் பாடுகிற அத்தனை பேரும் வெளியே போய்விடுவார்கள். புதிதாக வருபவனுக்குச் சொல்லிக்கொடுப்பவன் அவனைவிட ஒன்றிரண்டு வயதே மூத்தவன். அவனே போன வருடம்தான் கற்றுக்கொண்டான். இவ்வளவு வேகமாக ஆள் மாறுகிற இடத்தில் ஒரு பாட்டு நூறு, இருநூறு வருடம் நிற்க வேண்டுமானால் அதை ஒரே மாலையில் கற்றுக்கொள்ள முடிய வேண்டும். அதற்கு மிக எளிய வழி, எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த மெட்டில் புது வரிகளை வைப்பது. கல்லூரிப் பாட்டின் வரலாறு முழுக்க இந்த இரவல் மெட்டு கூடவே வருகிறது. மெட்டு எங்கிருந்து வந்தது என்பதை அடுத்த தலைமுறை மறந்துவிடுவதும் கூடவே வருகிறது.

ஐரோப்பாவில் பாரிஸ், பொலோன்யா போன்ற பல்கலைக்கழகங்கள் உருவெடுத்த 12, 13ஆம் நூற்றாண்டுகளிலேயே இது தொடங்கிவிட்டது. அன்றைக்குப் படிப்பு மொழி லத்தீன். எந்த நாட்டிலிருந்து வந்த மாணவனும் அதில் பேசினான், அதில் பாடினான். நல்ல ஆசிரியரைத் தேடி ஊர் ஊராக நடந்த இந்த இளைஞர்களுக்குத் தேவாலயத்து மெட்டுகள் அத்துப்படி. அந்த மெட்டுகளிலேயே காதலையும் மதுவையும் சூதாட்டத்தையும், பணத்தாசை பிடித்த குருமார்களின் மீதான கேலியையும் வைத்துப் பாடினார்கள். 1230ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரு சுவடித் தொகுப்பில் இப்படிப்பட்ட சுமார் 250 பாடல்கள் உள்ளன. பவேரியாவில் பெனடிக்ட்பாயர்ன் மடத்தில் 1803இல் அது கண்டெடுக்கப்பட்டது. பிறகு அதைப் பதிப்பித்தவர் வைத்த பெயரில் 'கார்மினா புரானா' என்று உலகம் அறிகிறது. இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் பலர் காதில் ஒலிப்பது 1937இல் அரங்கேறிய கார்ல் ஓர்ஃபின் இசைதான். அது அவர் புதிதாக அமைத்தது. மாணவர்கள் பாடிய மெட்டு வேறு. சுவடியில் சில வரிகளுக்கு மேலே சின்னச் சின்னக் கீற்றுகள் இருக்கின்றன. குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று மட்டும் அவை காட்டும். எவ்வளவு ஏற்றம் என்று சொல்லாது. ஏற்கெனவே பாடத் தெரிந்தவனுக்கு நினைவூட்டுவதற்காகப் போட்ட குறிகள் அவை. தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். குறிகள் மட்டும் நிற்கின்றன.

பாட்டு பல மாணவர்களுக்குச் சோறும் போட்டது. ஸ்பெயினில் ஏழை மாணவர்கள் சத்திரங்களிலும் மடத்து வாசல்களிலும் பாடி ஒரு கிண்ணம் சூப் வாங்கிக் குடித்தார்கள். 'சோபிஸ்தா' என்று அவர்களுக்குப் பெயரே வந்தது. சூப்புக்காரர்கள் என்று பொருள். எங்கே சூப் கிடைத்தாலும் குடிக்கத் தயாராக, மரக் கரண்டியும் முள்கரண்டியும் கையோடு வைத்திருப்பார்களாம். இன்று ஸ்பானியப் பல்கலைக்கழகங்களில் 'தூனா' என்ற மாணவர் இசைக் குழுக்கள் கறுப்பு மேலங்கியில் வண்ண நாடாக்கள் பறக்க கிட்டார் வாசித்துக்கொண்டு வருகின்றன. அவர்களுடைய சின்னம் இன்னமும் அந்தக் கரண்டியும் முள்கரண்டியும்தான். பின்னாளில் கிறிஸ்தவச் சீர்திருத்தவாதியான மார்ட்டின் லூதரும் ஜெர்மனியின் ஐசனாக்கில் பள்ளி மாணவனாக இருந்தபோது வீட்டு வாசல்களில் பாடி ரொட்டி வாங்கியவர். கல்வி கற்க வந்தவன் பாடிப் பிழைத்ததில் யாரும் இழுக்கு பார்க்கவில்லை.

உலகிலேயே அதிகம் பாடப்படும் மாணவர் பாட்டு எது என்றால் 'காவ்தெயாமுஸ் இகிதுர்' என்று தயங்காமல் சொல்லலாம். இளமை இருக்கும்போதே மகிழ்வோம், இனிய இளமையும் தொல்லை தரும் முதுமையும் கழிந்தபின் மண் நம்மை எடுத்துக்கொள்ளும் என்கிறது முதல் சரணம். நம் இலக்கியத்தில் நிலையாமை என்றால் அடுத்த வரியில் துறவு வரும். இங்கே நிலையாமையைச் சொல்லிவிட்டுக் கோப்பையை உயர்த்துகிறார்கள். நமக்கு முன் இங்கே இருந்தவர்கள் எங்கே என்று கேட்கும் சரணத்தையொத்த வரிகள் 1287ஆம் ஆண்டுச் சுவடி ஒன்றிலேயே உண்டு. நாம் இன்று அறிந்த வடிவத்தை 1781இல் ஹாலே நகரில் அச்சிட்டவர் கிண்ட்லேபென் என்ற இறையியல்காரர். பழைய சரணங்களை அவர் தன் விருப்பப்படி திருத்தியிருந்தார். குடிமேசைப் பாட்டாக இருந்த அதற்குத்தான் இன்று பல நாடுகளின் பட்டமளிப்பு விழாக்களில் பேராசிரியர்கள் அங்கி அணிந்து எழுந்து நிற்கிறார்கள்.

மாணவர் பாட்டு அரசியலில் நேரடியாகக் கால்வைத்தது ஜெர்மனியில். நெப்போலியன் போர்கள் முடிந்த 1815இல், யேனா நகரத்து மாணவர்கள் 'புர்ஷன்ஷாஃப்ட்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். முப்பது நாற்பது சிற்றரசுகளாகக் கிடந்த ஜெர்மனி ஒரே நாடாக வேண்டும் என்பது அவர்கள் கனவு. 1819இல் ஒரு மாணவர் நாடக ஆசிரியர் கோட்சபூவைக் கொலை செய்ததைக் காரணம் காட்டி ஆட்சியாளர்கள் சங்கங்களைத் தடை செய்தார்கள். அந்த நவம்பரில் யேனா சங்கம் கலைந்த நேரத்தில், ஆகஸ்ட் பின்சர் என்ற மாணவர் ஒரு பாட்டு எழுதினார். கம்பீரமான ஒரு வீட்டைக் கட்டியிருந்தோம் என்று தொடங்கி, வீடு இடிந்தால் என்ன, உணர்வு நம் எல்லாருக்குள்ளும் உயிரோடு இருக்கிறதே என்று முடிகிறது. மெட்டு ஒரு நாட்டுப்புற மெட்டு. சங்கத்தைக் கலைக்க ஓர் ஆணை போதுமாக இருந்தது. மெட்டைக் கலைக்க வழி இருக்கவில்லை. சில மாதங்களில் அதே மெட்டில் வேறொரு தேசபக்திப் பாட்டு வந்தது. அது அலைந்து திரிந்து இன்று பசிபிக் கடலில் மைக்ரோனேசியா நாட்டின் தேசிய கீதமாக ஒலிக்கிறது. ஒரு சங்கத்துக்காக அழுத பாட்டு என்று அந்தத் தீவுகளில் எத்தனை குழந்தைகளுக்குத் தெரிந்திருக்கும்?

ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸும் இதே மெட்டை எடுத்தாண்டார். பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் 1879இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. ஓர் அஞ்சலட்டையில் நன்றி எழுதி முடித்துக்கொண்டார் அவர். நன்றியை இசையாகவே எதிர்பார்க்கிறார்கள் என்று நண்பர் எடுத்துச் சொன்ன பிறகு 1880இல் ஒரு படைப்பை எழுதினார். கற்றறிந்தோர் சபைக்கு ஏற்ற கனமான இசையை எதிர்பார்த்திருப்பார்கள். அவர் நான்கு மாணவர் பாட்டுகளைக் கோத்துக் கொடுத்தார். முதலில் வருவது அந்த இடிந்த வீடு. கடைசியில் முழு வாத்தியக் குழுவும் சேர்ந்து முழங்குவது காவ்தெயாமுஸ். பல்கலைக்கழகத்தில் படிக்காத ஒருவர்தான் மாணவர் பாட்டுகளைக் கச்சேரி மேடையில் ஏற்றினார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இந்தச் சங்கங்களை வானளாவப் புகழவும் முடியாது. சேர்ந்து பாடும் வட்டம் யாரை உள்ளே விடுகிறது என்ற கேள்வி எப்போதும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே மரபில் வந்த பல சங்கங்கள் யூத மாணவர்களை வெளியே நிறுத்தின. சகோதரத்துவத்தைப் பற்றிப் பாடிய அதே வாய்கள்தான்.

பின்லாந்தில் நடந்தது வேறு கதை. 1848, ஐரோப்பா முழுக்கப் புரட்சி வெடித்த ஆண்டு. பின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. மே 13 அன்று ஹெல்சிங்கி மாணவர்கள் ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் வசந்த விழாவுக்காகக் கூடினார்கள். ரூனேபெரியின் கவிதைக்குப் பல்கலைக்கழக இசை ஆசிரியர் ஃபிரெட்ரிக் பாசியுஸ் மெட்டமைத்திருந்தார். அதை மாணவர் பாடகர் குழு பாடியது. அதுதான் இன்றைய பின்லாந்து தேசிய கீதம். அந்த மெட்டில் ஒரு ஜெர்மன் மதுப் பாட்டின் சாயல் இருப்பதாகச் சொல்பவர்களும் உண்டு. வளைகுடாவுக்கு அக்கரையில் எஸ்தோனியாவும் இதே மெட்டைத் தன் கீதமாக எடுத்துக்கொண்டது. சோவியத் ஆட்சியில் அந்தக் கீதம் தடை செய்யப்பட்டபோதும் எஸ்தோனியர்கள் தங்கள் மெட்டைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பின்லாந்து வானொலி ஒவ்வொரு நாளும் ஒலிபரப்பை முடிக்கும்போது அதை இசைத்தது.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வந்தால் இரவல் இன்னும் வெளிப்படை. ஆனி லைல் என்ற பெண் நோய்வாய்ப்பட்டுச் சாவதைப் பாடும் ஒரு சோகப் பாட்டு 1857இல் அச்சாகியிருந்தது. 1870இல் கார்னெல் மாணவர்கள் இருவர் அந்த மெட்டில் தங்கள் ஏரிக்கரைக் கல்லூரியைப் பற்றி எழுதினார்கள். பிறகு அதைப் பார்த்துப் பல பத்துக் கல்லூரிகளும் பள்ளிகளும் அதே மெட்டைத் தங்கள் கீதமாக்கிக்கொண்டன. ஊர்ப் பெயரையும் ஆற்றின் பெயரையும் மாற்றினால் போதும். விளையாட்டுத் திடலில் ஆயிரம் பேர் கைகோத்துப் பெருமிதத்தோடு பாடுவது ஓர் இளம்பெண்ணின் மரணப் பாட்டு.

ஆனால் அமெரிக்காவில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகம். அடிமைமுறை ஒழிந்த கையோடு, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1866இல் தொடங்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. கட்டடங்கள் பழைய ராணுவ மருத்துவமனைக் கொட்டகைகள். கஜானா காலி. பொருளாளராக இருந்த ஜார்ஜ் ஒயிட் இசையும் சொல்லிக்கொடுத்தவர். ஒன்பது மாணவ மாணவியரைக் கூட்டிக்கொண்டு, 1871 அக்டோபர் 6 அன்று பாடி நிதி திரட்டக் கிளம்பினார். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள்.

சின்சினாட்டியில் கிடைத்த வசூல் ஐம்பது டாலர்கூட இல்லை. அதே வாரத்தில் சிகாகோ தீப்பிடித்து எரிந்திருந்தது. தங்கள் கல்லூரியையே காப்பாற்ற வழியில்லாத அந்தப் பிள்ளைகள் அந்த முழுத் தொகையையும் தீயில் வீடிழந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் அவர்கள் மேடையில் பாடியவை வெள்ளைக்காரக் கூட்டம் எதிர்பார்க்கிற கச்சேரிப் பாட்டுகள், கதைப்பாட்டுகள், நாட்டுப்பற்றுப் பாட்டுகள். அடிமைகளின் வழிபாட்டுப் பாட்டுகளை அவர்கள் அந்நியர் முன் பாடவில்லை. குழுவின் பியானோ கலைஞரும் பாடகியுமான எல்லா ஷெப்பர்ட் பின்னாளில் இதை விளக்கியிருக்கிறார். அந்தப் பாட்டுகள் அடிமைக் காலத்தோடு பிணைந்தவை, பெற்றோர் வழிபாட்டில் பாடிய புனிதமானவை, அவற்றைப் பொதுவில் பாட மனம் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தங்களுக்குள் பாடிக்கொண்டிருந்தார்கள். நவம்பரில் ஓபர்லின் நகரில் ஒரு திருச்சபை மாநாட்டில், பேச்சுகளின் சந்தடிக்கு நடுவே அந்தப் பாட்டுகளில் ஒன்றை மிக மெல்லிய குரலில் தொடங்கினார்கள். அரங்கம் அடங்கியது. அதன் பிறகுதான் ஊர்கள் அவர்களை அழைக்கத் தொடங்கின. 1873இல் விக்டோரியா அரசியின் முன் பாடினார்கள். அந்த வருமானத்தில் எழுந்த 'ஜூபிலி ஹால்' 1876இல் திறக்கப்பட்டு இன்றும் நிற்கிறது.

சூப்புக்காகப் பாடியவர்கள் ஒரு வேளை பசியாறினார்கள். இவர்கள் ஒரு பல்கலைக்கழகத்தையே பாடி எழுப்பினார்கள். அதற்கு ஒரு விலையும் இருந்தது. தாய் தகப்பன் ரகசியமாகப் பாடியதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மேடையில் வைப்பது எவ்வளவு கனமான முடிவு என்பதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொஞ்சம் நின்றுவிடுகிறது.

அந்த விதை பிறகும் முளைத்தது. 1960 ஏப்ரலில் ராலே நகரில் கறுப்பின மாணவர்களின் போராட்ட ஒருங்கிணைப்புக் குழு உருவான கூட்டத்தில், 'நாம் வெல்வோம்' என்ற பாட்டை 'கை கராவன்' என்ற பாடகர் பாடிக் காட்டினார். தேவாலயத்தில் 'நான்' என்று இருந்தது புகையிலைத் தொழிலாளர் போராட்டத்தில் 'நாம்' ஆனது. அங்கிருந்து மாணவர்களிடம் வந்தது. 1962இல் அந்தக் குழுவின் நான்கு மாணவர்கள் 'சுதந்திரப் பாடகர்கள்' என்ற பெயரில் ஒரு காரில் நாடு முழுக்கச் சுற்றிப் பாடி நிதி திரட்டினார்கள். அவர்களில் ஒருவரான பெர்னிஸ் ஜான்சன், ஊர்வலத்தில் போனதற்காகக் கல்லூரியிலிருந்து விலக்கப்பட்டவர். ஃபிஸ்க் பிள்ளைகள் கிளம்பிப் போய் அப்போது 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

மறதி செய்யும் கெடுதலுக்கும் அதே நாட்டில் சான்று இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கீதம் 1903இல், வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் வகை நிகழ்ச்சி ஒன்றில் முதலில் பாடப்பட்டது. பல தலைமுறை மாணவர்கள் அது தெரியாமலே கையுயர்த்திப் பாடி வந்தார்கள். 2020இல் கறுப்பின விளையாட்டு வீரர்கள் கேள்வி எழுப்பியதும் பெரும் விவாதம் மூண்டது. கீதம் அப்படியே தொடர்கிறது. ஹார்வர்ட் வேறு வழியில் போனது. 1836இல் எழுதப்பட்ட அதன் கீதத்தின் கடைசி வரி இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்களின் வழித்தோன்றல்களை மட்டும் சொல்லி முடிந்தது. 2018இல் அந்த வரியை மாற்றினார்கள். வரியை மாற்றினால் மரபு கெட்டுவிடும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மாணவர் பாட்டு என்பதே அடுத்தவர் மெட்டில் வரியை மாற்றிப் பாடியதில் பிறந்தது.

போர்ச்சுகலின் கொயிம்ப்ரா நகரில் மரபு மிக இறுக்கமானது. பல்கலைக்கழகம் 1290இல் தோன்றியது. ஃபாடோ என்பது சோகம் தோய்ந்த போர்த்துகீசியப் பாட்டு வகை. அந்த ஊர் ஃபாடோ மாணவர்களுடையது. ஆண்கள் கறுப்பு அங்கி போர்த்திக்கொண்டு, போர்த்துகீசிய கிட்டாரோடு இரவில் பாடுவார்கள். மே மாத விழாவில் பழைய பேராலயத்துப் படிக்கட்டில் நள்ளிரவில் பாட்டு தொடங்கும். பிடித்திருந்தால் கைதட்டுவதில்லை. தொண்டையைக் கனைப்பார்கள். இருட்டில், கல் சுவர்களுக்கு நடுவே, நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து கனைக்கும் அந்த ஒலிதான் பாராட்டு.

சர்வாதிகாரம் நிலவிய 1969 ஏப்ரலில், நாட்டின் அதிபர் கலந்துகொண்ட விழாவில் மாணவர் தலைவர் பேச அனுமதி கேட்டார். மறுத்தார்கள். கைதுகள் நடந்தன. மாணவர்கள் துக்கம் அறிவித்து அந்த மே விழாவையே நிறுத்தினார்கள். 1980 வரை அது நடக்கவில்லை. பாடாமல் இருப்பதும் அவர்களுக்கு ஒரு பேச்சாக இருந்தது. இதே கொயிம்ப்ராவில் மாணவனாக ஃபாடோ பாடி வளர்ந்த ஜோசே அஃபோன்சோவின் பாட்டு ஒன்று 1974 ஏப்ரல் 25 நள்ளிரவு தாண்டியதும் வானொலியில் ஒலித்தது. ராணுவத்தினர் கிளம்புவதற்கான சமிக்ஞை அது. அன்றே சர்வாதிகாரம் வீழ்ந்தது.

கிழக்கு ஆசியாவில் கேள்வி இன்னொரு விதமாக வந்தது: நாம் யாருடைய பாட்டைப் பாடுகிறோம்? ஜப்பானில் உயர்கல்வி விடுதிகளில் மாணவர்களே ஆண்டுதோறும் விடுதிக்கென்று புதுப் பாட்டு எழுதும் வழக்கம் இருந்தது. 1912இல் சப்போரோ விடுதி மாணவர்கள் இருவர் எழுதி மெட்டமைத்த பாட்டு இன்றும் நாடு முழுக்கத் தெரியும். தைவானில் 1976 டிசம்பர் 3 அன்று தம்காங் கல்லூரியில் ஓர் இசை நிகழ்ச்சி. வரிசையாக ஆங்கிலப் பாட்டுகள். லி ஷுவாங்சே என்ற இளைஞர் கையில் கோகோ கோலா பாட்டிலோடு மேடையேறினார். வெளிநாடு போனாலும் இதையே குடிக்கிறோம், ஆங்கிலப் பாட்டையே கேட்கிறோம், ஊர் திரும்பினாலும் அதேதான், நம் பாட்டு எங்கே என்று கேட்டுவிட்டுத் தைவான் நாட்டுப்புறப் பாட்டுகளைப் பாடினார். கூட்டத்தில் பாதி கூச்சலிட்டது, பாதி ஆரவாரித்தது. அடுத்த ஆண்டே, கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் அவர் இறந்தார். வயது 28. அவர் விட்டுப்போன பாட்டை அவருடைய இறுதிச் சடங்கையொட்டி நண்பர்கள் பாடிப் பதிவு செய்தார்கள். பிறகு அதற்குத் தடை வந்தது. தென் கொரியாவில் கிம் மின்-கி என்ற ஓவிய மாணவர் 1971இல் எழுதிய 'காலைப் பனித்துளி' போராட்டத்துக்கென்று எழுதப்பட்டதல்ல. 1975இல் அரசு தடை செய்தது. 1987இல் சியோல் தெருக்களில் அதைத்தான் மக்கள் பாடினார்கள்.

இப்போது கல்லூரிப் பாட்டு என்றதும் பலருக்கு நினைவு வருவது வாத்தியமே இல்லாமல், தாளத்தையும் கிட்டாரையும் வாயாலேயே எழுப்பும் அகப்பெல்லா குழுக்கள். யேல் பல்கலைக்கழகத்தில் 1909இல் ஒரு சின்ன மாணவர் கூட்டம் வாரம் ஒருமுறை மதுவிடுதியில் கூடிப் பாடத் தொடங்கியது அதன் தொடக்கம். 1990களில் போட்டிகளும் ஒலித் தொகுப்புகளும் வந்தபின் நூற்றுக்கணக்கில் பெருகின. அந்த யேல் குழுவுக்குள் ஒரு பெண் நுழைய 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்மித் கல்லூரிப் பெண்கள் யாருக்காகவும் காத்திருக்காமல் 1936லேயே தங்கள் குழுவைத் தொடங்கிவிட்டார்கள்.

ஏன் கல்லூரியில் மட்டும் பாட்டு இவ்வளவு ஒட்டிக்கொள்கிறது? 2015இல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வயதுவந்தோர் கல்வி வகுப்புகளை ஏழு மாதம் கவனித்ததை வெளியிட்டார்கள். கைவினையும் எழுத்தும் கற்ற வகுப்புகளைவிட, பாட்டு கற்ற வகுப்பில் முன்பின் தெரியாதவர்கள் முதல் சில வாரங்களிலேயே நெருங்கிவிட்டார்கள். முடிவில் எல்லா வகுப்பும் ஒரே அளவு நெருக்கத்துக்கு வந்தன. பாட்டு வகுப்பு முந்திக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் மூன்றே ஆண்டுகள் கையில் இருப்பவர்களுக்கு அந்த முந்துதல் பெரிய விஷயம். வீட்டைவிட்டு வந்த முதல் வாரத்தில், பக்கத்தில் நிற்பவன் பெயர்கூடத் தெரியாத நேரத்தில், அவனோடு ஒரே மூச்சில் ஒரு வரியைப் பாடி முடிக்க முடிகிறது.

ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் ஒவ்வோர் அக்டோபர் 6ஆம் தேதியும் 'ஜூபிலி நாள்'. அன்றைய பாடகர் குழு விழா மேடையில் பாடும். அதில் இருப்பவர்கள் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். அந்த இடத்தில் வேறு குரல்கள் வரும். விழா முடிந்ததும் அவர்கள் நாஷ்வில் கல்லறைத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். 1871இல் கிளம்பிய அந்த முதல் பாடகர்களின் சமாதிகளுக்கு முன்னால் நின்று, அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பாடிய பாட்டுகளை அவர்களுக்கே பாடுகிறார்கள்.